நம் வாசல் சரிவு

மச்சான்,

நேற்று தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் டிராக்டர் டிரெய்லரின் ஒரு டயர் காற்று இறங்கிவிட்டது. சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதற்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. அங்கே ஓரம் கட்டினேன். கடைக்காரர் டியூபை உருவினார், தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்தார், தேய்த்தார், சொல்யூஷனைத் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"என்னாங்கண்ணா, தலை சுத்துதுங்களா? சோடா சொல்லட்டுங்களா?" என்று அவர் கத்தினார்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க ஒட்டுங்க" என்றேன்.

உன் வீல்சேர் டியூபை நீ மடியில் போட்டு ஒட்டுவாய். நம் தெருவில் வேலிக்காத்தான் முள்ளுக்கு என்ன பஞ்சம்? சொல்யூஷன் டியூபின் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பாய். "ஏன்டா, அது என்னா இருமல் மருந்தா, வாயில வெக்கிற?" என்று உன் அக்கா சத்தம் போடுவாள். ஒட்டி முடித்துக் காற்றடித்ததும், டியூபைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வருவாய், எங்காவது காற்று கசிகிறதா என்று. "கால்தான் மாமா செத்துப்போச்சு. கன்னம் இன்னும் உசுரோடதான் இருக்குது" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரர் வேலையை முடிக்கும்வரை மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன். என் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். "மாமாகிட்ட அரூருக்கு வழி கேட்டா, தீர்த்தமலை ஏறி எறங்கித்தான் சொல்லும்" என்பாயே. அப்படித்தான் இன்றைக்கும் போகும். பொறுத்துக்கொள். உனக்கு இனி என்ன அவசரம்?

நீ மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. மாசி மாதம், புளி உலுக்குகிற நேரம். புளியமரம் உலுக்குவதில் நம் பக்கத்தில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லோரும் கிளை கிளையாகக் கால் வைத்து இறங்குவார்கள். நீ மட்டும் மேல் கிளையிலிருந்து கீழ்க் கிளைக்குத் தொங்கிக் குதிப்பாய். குரங்குக்குக்கூட இவ்வளவு திமிர் கிடையாது என்று மரத்துக்குக் கீழே புளி பொறுக்குகிற பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு தடவை குதிப்பாய். அன்றைக்குக் கிளை முறிந்தது. அவ்வளவுதான். அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை.

கதை அதற்குப் பிறகுதான். கீழே இருந்த ஐந்தாறு பேர் ஓடி வந்து உன் கையையும் காலையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, மடக்கி, ஆட்டோவில் திணித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "எப்பிடித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "பலகையில படுக்க வெச்சிக் கொண்டாந்திருக்கணும். விழுந்ததுல எவ்வளவு போச்சு, தூக்குனதுல எவ்வளவு போச்சுன்னு இனிமே சொல்ல முடியாது" என்றார். தூக்கியவர்கள் எல்லாரும் வார்டு வாசலில்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது? இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து உன்னை யாராவது தூக்க வந்தால் உன் முகம் மாறிவிடும்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, மறுவாழ்வு மையம் ஒன்றில் உன்னைச் சேர்த்தோம். நானும் உன் அக்காவும் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்தோம். போன புதிதில் நீ சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பாய். பிசியோ மேடம் வந்தார். சின்ன வயசுப் பெண், கிருஷ்ணகிரிப் பக்கம். "எழுந்திருங்க" என்று சொல்லவில்லை. ஒரு வீல்சேரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இது உங்க வண்டி. ஓட்டக் கத்துக்கணுமா, வேணாமா?" என்றார்.

"லைசென்ஸ் குடுப்பீங்களா?" என்று நீ சுவரைப் பார்த்தபடியே கேட்டாய்.

"பரிட்சை வெச்சித்தான் அனுப்புவேன்."

அவர் சொன்னது நிஜம். அங்கே பின்பக்கம் ஒரு சிமென்ட் மைதானம் இருந்தது. அதில் ஒரு சரிவு, ஒரு சின்னப் படி, கதவு வைத்த ஒரு சட்டம், ஜல்லி கொட்டிய ஒரு பாத்தி, புல் வளர்த்த ஒரு பாத்தி. உலகத்தில் உள்ள எல்லாத் தொந்தரவையும் ஒரு இடத்தில் கொண்டுவந்து கொட்டி வைத்ததுபோல இருந்தது. அதில்தான் நீ வாரக்கணக்கில் உருண்டாய். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கப் பழகினாயே, அதுதான் எனக்குப் பயம். அந்த வித்தை வந்தால்தான் படி தாண்ட முடியும், குழி தாண்ட முடியும் என்றார் மேடம். பின்னால் சாய்ந்தால் மண்டை போய்விடும். அதற்காக வண்டியின் அடியில் ஒரு பெல்ட்டைக் கட்டி, அதன் நுனியை என் கையில் கொடுத்தார்கள்.

"பெல்ட்டைப் புடிங்க. ஆனா இழுக்காதீங்க. விழற மாதிரி இருந்தா மட்டும் புடிச்சி நிறுத்துங்க. மத்தபடி அவரைத் தொடாதீங்க, வாயாலயும் சொல்லிக் குடுக்காதீங்க."

மச்சான், இருபது மூட்டையை ஏற்று என்றால் ஏற்றுவேன். கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நில் என்றால் அது என்ன வேலை? நீ முக்கி முனகி ஒரு முழம் நகர்வாய், வேர்வை மூக்கில் சொட்டும், நான் பின்னாலேயே மரம்போல வருவேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பரிட்சை நாள் ஞாபகம் இருக்கிறதா? நேராகப் போவது, குறுக்குச் சந்தில் திரும்புவது, கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்துவது, தரையில் கிடக்கிற தீப்பெட்டியை எடுப்பது, வண்டியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து வண்டிக்கும் மாறுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நீ செய்தாய். ஒவ்வொன்றுக்கும் மூன்றே பதில்தான் என்று மேடம் சொல்லியிருந்தார். செய்தார், கஷ்டப்பட்டுச் செய்தார், செய்யவில்லை. ஜல்லியில் சக்கரம் புதைந்தது. நீ பின்னால் வந்து, முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு அடி போட்டு, மறுபடியும் புதைந்து திணறிக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு நோயாளியைப் பார்க்க வந்த ஒரு மனுசர், கையில் சாப்பாட்டுக் கேரியரோடு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. கேரியரைக் கீழே வைத்தார், விடுவிடு என்று வந்தார், வண்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளி உன்னை ஜல்லிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். விட்டதும் இல்லாமல் மேடத்தைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்குதா? அவன் செத்துப் பொழைக்கிறான், நீ பேனாவை வெச்சிக்கினு வேடிக்கை பாக்கிற! இத்தனை பேரு நிக்கிறீங்களே, ஒரு கை குடுக்க ஆளில்ல?" என்று சண்டைக்குப் போனார்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணா, என் பரிட்சையை நீங்க எழுதிட்டீங்க. பாஸானது நீங்களா நானா?" என்றாய். பிறகு வண்டியைத் திருப்பி, ஜல்லிக்கு இந்தப் பக்கம் வந்து, முதலிலிருந்து செய்தாய். அந்த மனுசர் என் பக்கத்தில் நின்று பார்த்தார். நீ கடந்து முடித்ததும், சொந்தத் தம்பி ரேங்க் வாங்கியதுபோலக் கைதட்டினார். கேரியரில் இருந்த புளிசாதத்தில் பாதியை உனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கடைசியாகச் சரிவு. நீ முன்னால் குனிந்து, மூக்கு முட்டியைத் தொடுகிற மாதிரி வளைந்து, ஒரே மூச்சில் ஏறிவிட்டாய். பெல்ட் என் கையில் தளர்வாகவே இருந்தது. மேல்தட்டில் வண்டியைச் சுழற்றி எங்களைப் பார்த்தாய். "அக்கா! இனிமே என்னை எவனும் தூக்க வேணாம்" என்று கத்தினாய். உன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இங்கேதான் நம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வீட்டோடு மாப்பிள்ளை. உங்கள் அப்பா போனபிறகு, நீ சின்னப் பையன், துணைக்கு ஆள் வேண்டும் என்று நான்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அதையும் மாற்றிக்கொண்டாய். "மாமா வூட்டோட மாப்ள. நான் வூட்டோட மச்சான். அக்காவுக்கு ரெண்டு தெண்டம்" என்பாய்.

அந்த வீட்டை, மரத்திலிருந்து விழுவதற்கு முன்னால், புதிதாகக் கட்டியதும் நீதான். தெருவில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு ஏறிக்கொண்டே வந்தது. மழை பெய்தால் பழைய வீடுகளுக்குள் தண்ணீர் புகும். அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். நீ எல்லாரையும்விட ஒரு முழம் தூக்கிக் கட்டினாய். கொத்தனார் போதும் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. "நம்ம வூட்டுக்கு வர்றவனுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கணும் மாமா. அப்பத்தான் மருவாதி" என்றாய். வீட்டு வாசலில் நின்றால் தெருவில் போகிறவர் தலை நம் இடுப்புக்குத்தான் வரும். அதில் உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீ திரும்பி வருவதற்குள் வாசல் படியை மூடிச் சரிவு போட்டுவிட வேண்டும் என்று நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கயிறு பிடித்து அளந்தார். திரும்பவும் அளந்தார். "நீட்ட எடம் இல்லீங்களே" என்றார். மேடம் போனில் சொல்லியிருந்தார், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம். முன்னால் நீட்டினால் ரோடு. பஞ்சாயத்தில் கேட்டோம். "பொது வழிங்க. உங்களுக்கு வுட்டா நாளைக்கு ஊரே நீட்டும்" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இடது பக்கம் சாக்கடை, அதை ஒட்டிப் பங்காளி வீட்டுச் சுவர். வலது பக்கம் கரண்டுக் கம்பம். பின்பக்கம் இன்னும் பள்ளம். நிலைவாசலை இறக்கலாமா என்றால் வீடு விரிசல் விட்டுவிடும் என்றார் கொத்தனார். கடைசியில் இருக்கிற இடத்தில் போட்டோம். சரிவு என்று பெயர். பார்த்தால் நெல் தூற்றச் சாய்த்து வைத்த முறம்போல நின்றது.

மேடம் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார். ஊரே கூடிவிட்டது. மைதானத்தில் செய்ததையெல்லாம் வீட்டிலும் ஒரு தடவை செய்யச் சொன்னார். உள்ளே எல்லாம் நன்றாகச் செய்தாய். பிறகு இறங்கினாய். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்திலேயே, கையால் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து, பாம்பு இறங்குவதுபோல இறங்கினாய். தெருவே கைதட்டியது. கீழே போய்த் திரும்பினாய்.

ஏறும்போது பாதி வழியில் முன்சக்கரம் தானாக எழும்பியது. பெல்ட் என் கையில் விறைத்தது. நான் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. மேடம் எல்லோரையும் விலகச் சொன்னார். மறுபடியும் ஏறினாய். அதே இடம். மறுபடியும். பெல்ட் என் உள்ளங்கையை அறுத்தது.

"போதும்" என்றார் மேடம்.

"இன்னொரு தடவை மேடம்."

"போதுங்க."

"அங்க நான் பாஸு மேடம். நீங்களே குடுத்தீங்க."

மேடம் சரிவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். "உங்க மேல கொறை இல்ல. கை நல்லா இருக்கு, பழக்கம் நல்லா இருக்கு. இந்தச் சரிவுதான் முடியாது. யாரா இருந்தாலும் முடியாது. பின்னால ஆளில்லாம இதுல ஏறவே கூடாது. ஏறினா மண்டை போயிரும்."

"அப்ப சரிவை ஃபெயில் போட்டுட்டுப் போங்க மேடம். என்னை ஏன் போடறீங்க?" என்றாய் நீ.

அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வேற எடம் பாக்க முடியுமா? தரையோட தரையா இருக்கிற வீடு?" என்று கேட்டார். உன்னிடம் கேட்டுப் பார்த்தோம். "என் வூட்டை வுட்டுட்டு வாடகைக்கா?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அக்காதான் அந்தப் பேச்சை விடச் சொன்னாள்.

விடிந்தால் நான் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவள் தக்காளி பறிக்கப் போய்விடுவாள். சாயங்காலம் வந்தால் நீ வீட்டு வாசலில் கீழே, கரண்டுக் கம்பத்துப் பக்கம், வண்டியில் உட்கார்ந்திருப்பாய். இப்போதுதான் இறங்கியிருப்பாய், காற்று வாங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நின்று மேலே தள்ளிக்கொண்டு போவேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் அக்காவை நிறுத்தினாள்.

"ஏம்மா, உன் தம்பியை நீ காய வெக்கிறியா, வத்தல் போடறியா?"

"என்னாக்கா சொல்ற?"

"காத்தால நீங்க போனதும் எறங்கிடறான். நீங்க வர்ற வரைக்கும் வெயில்லதான் கெடக்குறான். ஏத்தி வுடட்டான்னு யாரு கேட்டாலும், இப்பத்தான் எறங்குனேங்கிறான். மத்தியானம் சோறு எடுத்துக் குடுத்தா, இப்பத்தான் சாப்பிட்டேங்கிறான்."

அன்றைக்கு ராத்திரி அக்கா உன்னோடு சண்டை போட்டாள். நீ எதற்கும் கோபப்படவில்லை. "மேல இருந்தா நான் நோயாளிக்கா. கீழ இருந்தா ஆளு. போறவன் வர்றவன் பேசறான், தக்காளி என்னா வெலைன்னு கேக்கறான். ஏறத்தான் முடியல. எறங்க முடியுதில்ல? முடியறதை நான் செய்றேன்" என்றாய்.

"ஏத்தி வுடச் சொல்லி ஒருத்தரைக் கேட்டா என்னா கொறஞ்சா போயிடுவ?"

"ஒருத்தரு ஒரு தடவை தள்ளுவாரு. மறுநாள் என்னைப் பாத்தா சுத்திக்கினு போவாரு. நானே பாத்திருக்கேன்."

உட்கார்ந்தே கிடக்கக்கூடாது, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், மத்தியானம் படுத்து எழ வேண்டும், யூரின் பையை நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும் என்று மையத்தில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கீழே ரோட்டில் எங்கே படுப்பது?

மறுநாள் அக்கா வேலைக்குப் போகும்போது வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தால், நீ ஜன்னலை விட்டு நகர்ந்திருக்கவில்லை. டீவிகூடப் போடவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. "மாட்டையாச்சும் மேய அவுத்து வுடுவாங்கக்கா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு அவள் தாழ்ப்பாள் போடவில்லை. போடாமல் போகும்போதும் அழுதுகொண்டுதான் போவாள். எதைச் செய்தால் சரி என்று எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்போம். யாரிடம் கேட்பது? மேடத்திடம் போனில் கேட்டோம். "ரெண்டுமே கஷ்டந்தாங்க" என்றார்.

உட்கார்ந்தே கிடந்ததில் பின்பக்கம் புண் வந்தது உனக்குத் தெரியவில்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் வலி எப்படித் தெரியும்? குளிப்பாட்டும்போது அக்காதான் பார்த்தாள். நர்சம்மா வந்து கட்டுப் போட்டார், குப்புறப் படுக்க வைத்தார். நீ படுத்தாய். ஆறியது. ஆறின மறுவாரம் காலையில் நான் டிராக்டரைத் திருப்பும்போது பார்த்தேன், நீ பின்சக்கரத்தில் நின்றபடி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாய். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. மையத்தின் மைதானத்தில் பார்த்த அதே முகம். வண்டியை நிறுத்தி, "எறங்காதடா" என்று சொல்ல வாய் வரவில்லை. கையைக் காட்டினேன். நீயும் ஒரு கையை எடுத்துக் காட்டினாய்.

இரண்டாம் தடவை புண் எலும்புவரை போய்விட்டது. காய்ச்சல், நடுக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் போட்டோம். அங்கே ஸ்ட்ரெச்சருக்கும் கட்டிலுக்கும் உன்னை நான்கு பேர் தூக்கித் தூக்கி மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாய். கடைசியில் நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்தபோது, "மாமா, கை இப்ப நல்லாத் தேறிடுச்சு. வூட்டுக்குப் போலாம், ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்" என்றாய். "போலாம் மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்லட்டும்?

உன்னை ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீட்டுக்கு வெளியே போன உயிர், உடம்பு நிலைவாசலைத் தாண்டக்கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். வழக்கம் அப்படித்தான், எனக்கும் தெரியும். உன் அக்கா சரிவில் உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு தடவை மேல ஏத்திட்டு எறக்குங்கடா, உங்க காலைப் புடிக்கிறேன்" என்று கதறினாள். யாரும் அசையவில்லை. நான் பெரியவரிடம் போய்க் கேட்டேன். "நீ இந்த வூட்டு மாப்ள. இது பங்காளிங்க காரியம், நீ பேசக்கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் கை வைத்து, நயமாகத்தான் சொன்னார். நீ கட்டிய வீட்டுக்குக் கீழே, கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில், நீ தினமும் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்தான் பந்தல் போட்டார்கள். அங்கிருந்துதான் எடுத்தார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கு மட்டும் மாப்பிள்ளை ஆகும்.

சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் பஞ்சாயத்து புதிதாகச் சிமென்ட் போட்டிருக்கிறது. வீட்டுத் தெருவில் இல்லாத இடம் அங்கே எப்படித்தான் வந்ததோ, அகலமாக, மேடு பள்ளம் இல்லாமல், கடைசிவரை மட்டமாகப் போகிறது. பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது. இந்தப் பாதையில் நீ யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகவே போயிருப்பாய் என்று நினைத்துவிட்டேன். என்ன நினைப்பு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குத் தொடங்கியது, நிற்கவில்லை.

எங்கே போனாலும் என் கண் இப்போது தரையைத்தான் அளக்கிறது. ரேஷன் கடை வாசல், உன்னால் முடியும். பாங்கு வாசல், முடியும், திருப்பத்தில் மட்டும் கஷ்டம். பாலக்கோடு மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிற மேடை, முடியாது. சித்தேரிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தேன். மலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது சன்னல் வழியாக ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். முடியாது, முடியாது, முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்னாங்க எண்ணிக்கினே வர்றீங்க?" என்று கேட்டார். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்போல.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். புது மண்டபம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டி ஒரு சரிவு போட்டிருக்கிறார்கள். பூத்தொட்டியை வரிசையாக அதன் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள், அழகுக்கு. நான் அதற்குக் கீழே நின்றுவிட்டேன். நீளம் பரவாயில்லை. டைல்ஸ் மழையில் வழுக்கும். தொட்டிகளை எடுத்துவிட்டால் அகலம் போதும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

"ஏங்க, அங்கயே நின்னுட்டீங்க? பந்தி போட்டுட்டாங்க, வாங்க" என்று அக்கா மேலே இருந்து கூப்பிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏறிவிடுவாய், மச்சான். கஷ்டப்பட்டுத்தான், ஆனால் ஏறிவிடுவாய். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், படி வழியாக ஏறிப் போய், பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்தேன்.